கோட்டை பாண்டும் பண்ணைப்புரத்துக் கிதாரும்

மேனாட்டு வாத்தியத்துக்கும் நம் ராகத்துக்கும் முதன்முதலில் சம்பந்தம் பேசி முடித்தது யார்? சினிமாக்காரர்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. அந்தச் சம்பந்தம் பேசி ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேசிய இடமும் வெகு தூரத்தில் இல்லை. சென்னைக்கு வடக்கே, இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் புகை கக்கிக்கொண்டிருக்கும் மணலிதான் அது. செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்து, பிறகு திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்து, இப்போது சென்னையோடு ஐக்கியமாகிவிட்ட ஊர்.

மணலியில் அந்தக் காலத்தில் முதலியார் ஜமீன் குடும்பம் ஒன்று இருந்தது. கும்பினிக்காரர்களிடம் துபாஷ் வேலை பார்த்துப் பொருள் சேர்த்த குடும்பம். ராமசுவாமி தீட்சிதரைத் தம் ஊருக்கு அழைத்து வைத்து ஆதரித்தவர்கள் அவர்கள். தீட்சிதரின் பிள்ளைகளைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தவர்களும் அவர்களே. கேட்ட பிள்ளைகளில் மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் அந்த மெட்டுகளை மறக்கவில்லை. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் அடங்கிய சுமார் 40 ஐரோப்பிய மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்துவிட்டார். நோட்டு ஸ்வரம் என்று இன்று குழந்தைகள் பாடுகிறார்களே, அது இதுதான். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில்கூட ஒரு தேவி ஸ்துதி இருக்கிறது! இளையவர் பாலுசுவாமி தீட்சிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் வயலினே கற்றுக்கொண்டார். பிடில் இல்லாமல் இன்று கர்நாடகக் கச்சேரி ஏது? முத்துசுவாமி தீட்சிதர் முதல் கிருதியைப் பாடியதாகச் சொல்லப்படும் இடமும் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணிதான்.

ஆக, கதை இந்த மண்ணில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் அத்தியாயம் மட்டும் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் நடக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெயரிலேயே கும்மியை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் அது. இராத்திரி ஷிப்டு முடித்து மின்சார ரெயிலில் திரும்புகிறவர் காதில் ஒலிப்பது பெரும்பாலும் ஒருவருடைய பாட்டாகத்தான் இருக்கும். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸிலும் அதே கதைதான். இளையராஜா என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் முறைப்படி கற்றுத் தேர்வு எழுதி, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தங்கப் பதக்கம் வாங்கியது எந்த வாத்தியத்தில் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ஆர்மோனியம் என்பார்கள். பதக்கம் கிடைத்தது கிளாசிக்கல் கிதாருக்கு.

ஆர்மோனியப் பெட்டியும் அண்ணனும்

அப்போது மதுரை ஜில்லா, இப்போது தேனி மாவட்டம். பண்ணைப்புரம் என்ற கிராமம். 1943ல் அங்கே பிறந்த பிள்ளைக்கு ஞானதேசிகன் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ராசையா ஆனார். தகப்பனார் ராமசாமி, தாயார் சின்னத்தாயம்மாள். நாற்று நடவும் களை எடுப்பும் பாட்டில்லாமல் நடக்காத காலம். தாலாட்டும் ஒப்பாரியும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன.

மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958ல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவருடைய பாட்டுப் பிரசாரம் மலைத்தோட்டத் தொழிலாளர் மத்தியில் பெரிய பிரசித்தம். அந்தக் காலத்தில்தான் ராசையா அண்ணனோடு கிளம்பினார். வயது பதினான்கு, பதினைந்து. குரல் உடையும் வரையில் பெண் குரலில் பாட வேண்டிய பாட்டெல்லாம் இவர் பங்கு. பிறகு ஆர்மோனியம். பாஸ்கர், அமர்சிங் (பின்னாளில் கங்கை அமரன்) என்ற சகோதரர்களும் சேர்ந்து 'பாவலர் பிரதர்ஸ்' என்று ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஏறத்தாழ பத்து வருஷம். ஒரு ஊரில் விடிய விடியக் கச்சேரி, மறுநாள் வேறு ஊர். எந்த மெட்டுக்குக் கூட்டம் எழுந்து போகிறது, எந்த மெட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறது என்பதைப் பத்து வருஷம் எதிரே பார்த்துப் படித்தவர் அவர். அந்தப் படிப்புக்கு எந்தக் காலேஜிலும் பட்டம் கொடுப்பதில்லை.

1960களின் கடைசியில் சென்னைப் பட்டணம் போவது என்று தம்பிமார் முடிவு செய்தார்கள். கையில் காசில்லை. வீட்டில் இருந்த ஒரே சொத்து ரேடியோப் பெட்டி. சின்னத்தாயம்மாள் அதை 400 ரூபாய்க்கு விற்று, முழுப் பணத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார். தமக்கென்று ஒரு ரூபாய்கூட வைத்துக்கொள்ளவில்லை என்று இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிள்ளையின் பாட்டைப் பின்னாளில் ஊரெல்லாம் ரேடியோவில் கேட்டது. அந்தத் தாய் விற்றதும் ஒரு ரேடியோதான்!

தன்ராஜ் மாஸ்டரின் அறை

மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். மேனாட்டு சங்கீதத்தில் கரை கண்டவர். பழைய சினிமா இசைக்காரர்கள் பலருக்கு வாத்தியம் வாசித்தவர், பாடம் சொன்னவர். பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மானும் அவரிடம் படித்தவரே. கிராமத்துப் பிள்ளையாய் வந்து நின்ற ராசையாவை மாஸ்டர் 'ராஜா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மாஸ்டர் கற்றுக் கொடுத்தவற்றில் மிக முக்கியம் இரண்டு. முதலாவது, ஐந்து கோடு போட்டு அதில் சங்கீதத்தை எழுதும் முறை. இரண்டாவது, கௌன்டர்பாயிண்ட் என்ற சமாசாரம்.

இந்தக் கௌன்டர்பாயிண்ட் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் சங்கீதத்தில் பாடுகிறவர் ஒரு வழி போவார். பிடில் அவர் பின்னாலேயே போகும். தம்பூரா கீழே ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். போகும் பாதை ஒன்றே. மேனாட்டாரோ ஒரே சமயத்தில் இரண்டு பாதை, மூன்று பாதை போடுகிறார்கள். வீட்டிலே இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் அதற்குச் சண்டை என்று பெயர். சங்கீதத்தில் இருவர் ஒரே சமயத்தில் வேறு வேறு பேச்சுப் பேசி, இரண்டும் தெளிவாகக் காதில் விழுந்து, ஒன்றுக்கு ஒன்று அழகும் சேர்த்தால் அதுதான் கௌன்டர்பாயிண்ட். ஜெர்மனி தேசத்து ஜோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750) இதில் மகா சக்கரவர்த்தி.

கிதார் இதற்கு வெகு பொருத்தமான வாத்தியம். ஊர்க் கச்சேரிகளில் கழுத்தில் மாட்டிக்கொண்டு 'ஜங் ஜங்' என்று அடிக்கிறார்களே, அது ஒரு வகை. கிளாசிக்கல் கிதார் வேறு. இடது காலை ஒரு சிறு மணை மேல் வைத்து, வாத்தியத்தைத் தொடையில் சாய்த்து, வில்லையோ மீட்டியோ இல்லாமல் வெறும் விரலால் வாசிக்க வேண்டும். ஆறு தந்திகள். முன்பு குடல் தந்தி. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு நைலான். கட்டைவிரல் கீழ்ஸ்தாயியில் ஒரு பாட்டு வாசிக்கும். மற்ற விரல்கள் மேலே வேறொன்று வாசிக்கும். ஒருவர் கையிலே ஒரு சின்னக் கோஷ்டியே இருக்கிறது என்று சொல்லலாம். இதைப் பெரிய மேடை வாத்தியமாக ஆக்கியவர் ஸ்பெயின் தேசத்து ஆண்ட்ரே செகோவியா (1893–1987). பாக் வயலினுக்கு எழுதிய மிகக் கஷ்டமான 'சக்கோன்' என்ற உருப்படியை அவர் 1935ல் பாரிஸ் நகரத்தில் கிதாரில் வாசித்துக் காட்டினார். கேலி பேசியவர்கள் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ராஜாவும் அந்தக் கிதாரைத்தான் பிடித்தார். பகலெல்லாம் வாய்ப்புத் தேடி அலைச்சல். மற்ற நேரத்தில் கோடும் புள்ளியும். தேர்வு எழுதியதில் தங்கப் பதக்கமே கிடைத்தது. விரல் நுனி தேய்ந்த படிப்பு அது. ஆனால் பதக்கம் அரிசிக் கடையில் செல்லாதே!

வாடகை வாத்தியம்

அரிசிக்கு வழி செய்தது சினிமா ஒலிப்பதிவுக் கூடம். வங்காளத்து சலில் சௌத்ரி தென்னாட்டுப் படங்களுக்கு இசையமைக்க வந்தபோது ராஜா அவருக்குக் கிதார் வாசித்தார், ஆர்கனும் வாசித்தார். இந்தப் பையன் ஒரு நாள் இந்தியாவிலேயே சிறந்த இசையமைப்பாளனாக வருவான் என்று சலில்தா அன்றே சொன்னார். சலில்தாவும் சாமானியர் அல்ல. வங்கத்து நாட்டுப் பாட்டையும் மோஸார்ட்டையும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சியவர். பாம்பின் கால் பாம்பறியும்.

கன்னடப் படங்களில் கொடி கட்டிப் பறந்த ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்தது அடுத்த படி. சுமார் 200 படங்களில் அந்த வேலை. வெங்கடேஷ் மெட்டுப் போடுவார். வாத்தியங்களுக்கு அதைப் பிரித்து எழுதுவது ராஜா. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று நடந்தது. தாமே சொந்தமாக எழுதிய சங்கீதம் காகிதத்தில் இருக்கிறது. காதில் கேட்க வேண்டுமானால் வயலின்காரர்கள் வேண்டும், செல்லோ வேண்டும், குழல் வேண்டும். பணம் கொடுத்துக் கூப்பிட வசதி இல்லை. என்ன செய்தார்? ஒலிப்பதிவின் இடைவேளையில் வாத்தியக்காரர்களிடம் போய், தாம் எழுதியதில் நாலு வரி வாசித்துக் காட்டச் சொல்வார். அவர்களும் காபியைக் குடித்துவிட்டு வாசித்தார்கள். எழுதியது சரியாக ஒலிக்கிறதா, எங்கே தடுக்குகிறது என்று ராஜா நின்று கேட்டுக்கொள்வார்.

அந்த நாளில் வாத்தியங்களை அவர் வாடகைக்கு எடுத்தது மலையாள இசையமைப்பாளர் ஆர். கே. சேகரிடம். சேகரின் மகன்தான் ரஹ்மான். அந்தப் பிள்ளை பின்னால் இளையராஜாவின் கோஷ்டியிலேயே கீபோர்டு வாசித்தது. கோடம்பாக்கம் சின்ன ஊர்தான்!

அன்னக்கிளிக்குப் பிறகு

1976. தமிழ்நாட்டு ரேடியோக்களிலும் கலியாணப் பந்தல் ஒலிபெருக்கிகளிலும் 'ஆராதனா', 'பாபி' என்று இந்திப் பாட்டுக் கொடி பறந்த சமயம். பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' எடுத்தார். மேஜையைத் தட்டித் தாளம் போட்டு ராஜா பாடிக் காட்டிய மெட்டுகள் அவருக்குப் பிடித்துப்போயின. ஏ. எம். ராஜா என்று ஒரு பிரபலம் ஏற்கெனவே இருந்ததால் இவரை 'இளைய' ராஜா ஆக்கினார். ஒலிப்பதிவைத் தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது. சகுனம் நன்றாயிருக்கிறது என்று யாரோ குத்தலாகச் சொன்னார்களாம். படம் வெளிவந்தது, எஸ். ஜானகியின் குரல் பட்டிதொட்டியெல்லாம் கேட்டது. இந்திப் பாட்டு மூட்டை கட்டிக்கொண்டது. குத்தலாகச் சொன்னவர் பிறகு என்ன ஆனார் என்பதற்குச் சரித்திரத்தில் இடமில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளத்தைக் கணக்கெடுத்து மாளாது. 1980ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' அவருக்கு 100ஆவது படம். 1987ல் மணிரத்னத்தின் 'நாயகன்' 400ஆவது. 1990ல் 'அஞ்சலி' 500ஆவது. பதினான்கு வருஷத்தில் ஐந்நூறு என்றால் வருஷத்துக்கு முப்பத்தைந்து, மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று படம்! பாட்டு மட்டுமா? ஒவ்வொரு படத்துக்கும் பின்னணி இசை வேறு. 'தாரை தப்பட்டை' 1000ஆவது படமாயிற்று.

இதில் கிதார் எங்கே போயிற்று? போகவில்லை. 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் மடியில் கிதாரை வைத்துக்கொள்ள, யேசுதாஸ் பாடும் பாட்டு ஒன்று போதும். 1982ல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை'யில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் நிலவைப் பற்றிப் பாடும் பாட்டில் சந்திரசேகர் வாசித்த கிதாரை இன்றும் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொண்டு விரலை ஒடித்துக்கொள்கிறார்கள். பாட்டு ஒரு வழி போகும்; கிதார் தன் வழி போகும்; அடியில் பேஸ் கிதார் மூன்றாவது வழி. தன்ராஜ் மாஸ்டர் அறையில் படித்த பாடம் டீக்கடை ரேடியோவில் ஒலித்தது. கேட்டவர்களுக்குக் கௌன்டர்பாயிண்ட் என்று பெயர் தெரியாது. பெயர் தெரிந்தா பலாப்பழம் இனிக்கிறது?

அவர் வேலை செய்யும் முறையும் விசேஷமானது. ஆர்மோனியத்தில் மெட்டு பிறக்கும். பிறகு வாத்தியம் எதையும் தொடாமல், காகிதத்தை எடுத்து ஐந்து கோட்டில் மளமளவென்று எழுதிக்கொண்டே போவார். எந்த இடத்தில் எந்த வயலின், எங்கே குழல், எங்கே தபேலா, எல்லாம் எழுத்திலே வந்துவிடும். வாத்தியக்காரர்கள் பிரதி எடுத்து உட்கார வேண்டியதுதான். வாசித்துப் பார்த்துத் திருத்துகிற பழக்கம் குறைவு. மனசுக்குள் முன்னாலேயே வாசித்தாகிவிட்டது!

கர்நாடக சங்கீதத்தையும் அவர் விடவில்லை. பேர் பெற்ற பிறகும் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் போய்ச் சிஷ்யராக உட்கார்ந்தார். 1985ல் பாலசந்தரின் 'சிந்து பைரவி'. கர்நாடக வித்வானுக்கும் நாட்டுப் பாட்டுப் பாடும் பெண்ணுக்கும் நடக்கும் வழக்குதான் கதை. வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இசையமைப்பாளர். சாதாரணக் கிராமத்துப் பாட்டாக ஆரம்பித்ததைச் சாரமதி ராகத்தின் வழியே நடத்திக்கொண்டு போய், தியாகராஜ சுவாமிகளின் கிருதியில் கொண்டு சேர்த்தார். எங்கே வரப்பு முடிந்து எங்கே சபா மண்டபம் ஆரம்பித்தது என்று கேட்கிறவருக்குத் தெரியவில்லை. அதே படத்தில் அவரோகணமே இல்லாமல் கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் வைத்து ஒரு பாட்டு. ஏறிக்கொண்டே போக வேண்டும்; இறங்கக் கூடாது. வேடிக்கைக்குச் செய்தது போலத் தோன்றும். பாட்டைக் கேட்டால் குறை ஒன்றும் தெரியாது. தேசிய விருது வந்தது. 'சாகர சங்கமம்', 'ருத்ரவீணை', 'பழசிராஜா', 'தாரை தப்பட்டை' என்று மொத்தம் ஐந்து முறை அந்த விருதைப் பெற்றிருக்கிறார்.

பாக்கும் தியாகையரும் சந்தித்தார்கள்

பாக் காலமாகிப் பதினேழு வருஷம் கழித்துத் தியாகராஜர் பிறந்தார். ஒருவர் லைப்சிக் நகரத்து மாதா கோயிலில். மற்றவர் காவேரிக் கரைத் திருவையாற்றில். இரண்டு பேருக்கும் சங்கீதம் என்பது சுவாமி காரியம். இருவரும் சந்தித்திருந்தால்?

1986ல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத் தட்டில் ராஜா சந்திக்க வைத்தார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்பது பெயருக்கு அர்த்தம். பாட்டு கிடையாது, கதாநாயகன் கிடையாது, தயாரிப்பாளரின் அவசரம் கிடையாது. வாத்தியங்கள் மட்டும். இரண்டு மகான்களுக்கும் அதைச் சமர்ப்பணம் செய்தார். பிரதான வயலின் வி. எஸ். நரசிம்மன். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு பிரசித்தமான பிரெலூடை எடுத்து, அதன் பக்கத்திலேயே நம் ராகத்தை நடக்க விட்ட உருப்படிக்கு 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பெயர். அடுத்த உருப்படி, 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்'! கமகம் அசைந்து கொடுக்கும். பாக்கின் ஸ்வரமோ ஆணி அடித்தது போல நிற்கும். இரண்டையும் அருகருகே உட்கார வைத்தால் கண்ணாடிக் கடையில் மாடு புகுந்த கதையாக முடியலாம். அப்படி முடியவில்லை. சில இடங்களில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது காதில் விழத்தான் செய்கிறது. அதுவும் பேச்சின் ஒரு பகுதிதானே?

1988ல் 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுக்கு எதிரே 50 பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டி. கணிப்பொறி இசையையும் அவர் ஒதுக்கவில்லை. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே அது வந்துவிட்டது. கணிப்பொறி முன் உட்கார்ந்தவர் சேகரின் பிள்ளை என்பது கோடம்பாக்கத்தார் சொல்லும் கூடுதல் தகவல்.

'ஹே ராம்' (2000) படத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வேறொருவர் போட்ட பாட்டுகளுக்கு நடிகர்கள் வாயசைத்துப் படமே பிடித்தாகிவிட்டது. பிறகு அந்தப் பாட்டுகள் இல்லை என்றாகிவிட்டது. கமலஹாசன் ராஜாவிடம் வந்தார். திரும்பப் படம் பிடிக்க வேண்டாம், அந்த வாயசைப்புக்கே புதுப் பாட்டுப் போட்டுவிடலாம் என்றார் ராஜா. போட்டார். தைத்த சட்டைக்கு ஏற்ற ஆளைத் தேடிப் பிடித்த மாதிரி! ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக்காரர்கள் அதற்கு வாசித்தார்கள். அதே நகரத்துச் சிம்பொனிக் குழுவைக் கொண்டுதான் 2005ல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை மேனாட்டு 'ஆரட்டோரியோ' முறையில் அவர் செய்தார். ஆங்கிலப் பகுதியை எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். ஓதுவார் பாடும் பதிகத்தை இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்கள் உண்டு. திருவாசகம் என்ற பெயரையே அதுவரை கேட்டிராத பிள்ளைகள் அதைக் கேட்டார்கள் என்பதும் உண்டு.

எழுதியவருக்குச் சொந்தமா?

ராஜாவைப் பற்றிச் சிலாகித்துப் பேசுகிறவர்கள் தயங்கும் இடம் ஒன்று இருக்கிறது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள். தம் பாட்டை மேடையில் பாடுவதற்கும் புதுப் படங்களில் எடுத்து வைப்பதற்கும் தம் அனுமதி வேண்டும் என்பது அவர் கட்சி. 2017ல் நெடுநாளைய நண்பர் பாலசுப்பிரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போயிற்று. ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். பிறகு இருவரும் ஒன்று சேர்ந்து மேடையேறினார்கள். 2020 செப்டம்பரில் பாலு காலமானார். பணம் கொடுத்த தயாரிப்பாளருக்குச் சொந்தம், வாங்கிய இசைத் தட்டுக் கம்பெனிக்குச் சொந்தம் என்று எதிர்க் கட்சியும் சட்டம் பேசுகிறது. நீதிமன்றங்கள் பேச வேண்டியதைப் பேசட்டும். ஒன்று மட்டும் உண்மை: ரேடியோ விற்ற பணத்தில் பட்டணம் வந்தவர், எழுதிய ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குக் கேட்பதில் ஆச்சரியமில்லை. கேட்கும் விதத்தில் கொஞ்சம் மென்மை இருந்திருக்கலாமே என்று ரசிகர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

பட்டங்கள் வந்தன. 2010ல் பத்ம பூஷண், 2018ல் பத்ம விபூஷண், 2022ல் ராஜ்ய சபை நியமனம். வீட்டிலோ விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2011ல் மனைவி ஜீவா மறைந்தார். 2024 ஜனவரியில் மகள் பவதாரிணி புற்று நோயால் காலமானார். அவரும் பாடகி, தேசிய விருது பெற்றவர். 'பாரதி' படத்தில் அவர் பாடிய பாட்டுக்குத்தான் விருது, மெட்டு தகப்பனாருடையது.

அந்த வருஷமே, எண்பது வயது கடந்த அந்தத் தகப்பனார் ஒரு சிம்பொனி எழுதி முடித்தார். 35 நாளில் எழுதியதாக அவரே அறிவித்தார். சிம்பொனி என்பது ஏதோ பெரிய பாட்டு அல்ல. பீத்தோவனும் மோஸார்ட்டும் வகுத்துக் கொடுத்த கட்டடம் அது. பொதுவாக நான்கு பாகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதி, ஒரு குணம். எண்பது வாத்தியக்காரர் உட்கார்ந்தால் எண்பது பேருக்கும் எழுத்து வேண்டும். மனோதர்மத்துக்கு இடம் கிடையாது. எழுதினது எழுதினதுதான். பல்லவி வரும், சரணம் வரும் என்று காத்திருந்தால் ஏமாந்து போக நேரும்.

2025 மார்ச் 8ந் தேதி லண்டன் மாநகரத்து 'ஈவென்டிம் அப்பல்லோ' அரங்கத்தில் ராயல் பில்ஹார்மானிக் இசைக் குழுவினர் அதை வாசித்தார்கள். 'வேலியன்ட்' என்று பெயர். வீரமுள்ளது என்று சொல்லலாம். நான்கு பாகம். நடத்திக் கொடுத்தவர் மிக்கேல் டாம்ஸ். ராஜாவுக்கு அப்போது வயது 81. செப்டம்பரில் தமிழக அரசு சென்னையில் பாராட்டு விழா நடத்தியது.

லண்டனில் இப்படி ஒரு குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது முதல் தடவை அல்ல. 1993லேயே இதே ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் நடத்த, அவர் எழுதிய ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தது. தமிழ்நாடே கொண்டாடிற்று. 'மேஸ்ட்ரோ' என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இசைத் தட்டு இன்று வரும், நாளை வரும் என்று ரசிகர்கள் கடைக்கு நடந்தார்கள். அப்போது காலேஜில் படித்த பிள்ளைகளுக்கு இன்று பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. அந்த நாடா மட்டும் இன்னும் வெளிவரவில்லை.